பாதியில் நின்ற ஜெபம்

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். கேரள எல்லையில், பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. என் மனைவிக்கு இதய வால்வில் கோளாறு என்று திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் ஆபரேஷன் என்றால் சபையார் வந்து ஜெபம் பண்ணாமல் இருக்க மாட்டார்கள். வந்தார்கள், பாடினார்கள், பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தோம். அவர்களோடு பக்கத்து ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா, கிளம்புகிற நேரத்தில் என் மனைவியின் கையைப் பிடித்து, "நீ ரட்சிக்கப்பட்டது எந்த நாளு மக்கா? நாளு தெரியணும் கேட்டியா" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அது இவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

இவளிடம் ஒரு நாள் என்ன, ஏகப்பட்ட நாட்கள் இருந்தன. அதுதான் தொல்லை. சபையில் வருடாவருடம் நடக்கும் கன்வென்ஷன் கூட்டத்தில் கடைசி நாள் ஊழியக்காரர், "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று அழைப்பார்; அப்படிக் கை தூக்கி ஏற்றுக்கொண்ட நாள்தான் ரட்சிக்கப்பட்ட நாள். சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு தடவையும் இவள் கையைத் தூக்கியிருக்கிறாள். முந்தின வருடம் தூக்கியது சரியாகப் பதியவில்லையோ என்று சந்தேகம்! கல்யாணத்துக்குப் பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து நானே கிண்டல் செய்ததுண்டு.

"அதுல எது உண்மைன்னு எனக்குத் தெரியல்லியே. ஒண்ணுமே உண்மை இல்லன்னா? ஆபரேஷன்ல என்னவாவது ஆயிட்டுன்னா நான் எங்க போவேன்?" என்று கேட்டாள்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு நித்திய ஜீவனைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த சண்டே ஸ்கூல் டீச்சர் அவள். எனக்கு மனசு உடைந்துபோயிற்று. "நீ பரலோகம் போகல்லன்னா பின்ன ஆரு பிள்ளே போவா?" என்றேன். அந்த ஆறுதல் எடுபடவில்லை. சோறு இறங்கவில்லை, எந்நேரமும் வாயில் இருக்கும் பாட்டும் நின்றுபோனது. சாவை அவள் பெரிதாக எண்ணவில்லை. அந்தப் பக்கம் போய் நிற்கும்போது, உன்னைத் தெரியாது என்று ஆண்டவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் நடுங்கினாள்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மயக்க மருந்து ஏறும்போது, "இயேசுவே, உம்மை விசுவாசிக்கிறேன்" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். ஸ்ட்ரெச்சரில் போகும்போதே உதடு அசையத் தொடங்கிவிட்டது. "பேடிக்கண்டா சேச்சி", பயப்படாதே அக்கா என்று மலையாளத்தில் சொல்லி, நர்ஸ் பெண் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தபடி உள்ளே கூட்டிப்போனாள். கதவு மூடியது. வெளியே உட்கார்ந்த எனக்கு ஒரு வரி ஜெபம்கூட வரவில்லை. அவள் பயம் என்னையும் தொற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஐ.சி.யூ.வில் பார்க்க விட்டார்கள். முகம் வீங்கி, குரல் கம்மிப்போயிருந்தது. ஆனால் என்னைக் கண்டதும் சிரித்தாள். தையல் வலிக்கும் என்று நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஜெபம் பாதியில போச்சு, கேட்டியளா. 'இயேசுவே'ன்னு சொன்னது ஓர்மை உண்டு. மீதி சொல்லல்ல."

இனி இதற்கும் அழப்போகிறாளே என்று நினைத்தேன்.

"அவ்வளவு நேரமும் நான் ஒண்ணையும் பிடிச்சிட்டு இருக்கல்ல. ஜெபிக்கவும் இல்ல, விசுவாசிக்கவும் இல்ல. இதயத்தையே நிறுத்தி வச்சிருந்தாவளாம். பின்ன என்னைய ஆரு பிடிச்சிட்டு இருந்தது? அவராக்கும்! நான் முதல்ல கை தூக்கினதுக்கு முன்னேயும் அவருதான் பிடிச்சிருப்பாரு. இது தெரியாம நான் கெடந்து அழுதேன் பாருங்க."

அவள் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நர்ஸ் பார்க்கிறாளே என்றுகூட எண்ணாமல் அழுதுவிட்டேன். பிடி நழுவினால் போயிற்று என்ற பயம் எனக்கும் உள்ளுக்குள் இருந்ததுதான்; வெளியே சொன்னதில்லை, அவ்வளவே.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். நானோ ராத்திரி ஜெபத்தில் பாதியிலேயே கண்ணயர்ந்துவிடுகிற ஆள். முன்பெல்லாம் பதறி எழுந்து முதலிலிருந்து தொடங்குவேன். இப்போது, நான் தூங்கினாலும் அவர் தூங்குவதில்லை என்ற சந்தோஷத்தில் அப்படியே தூங்கிவிடுகிறேன்.