பின்வாசல் மீன்

வெர்னா கீஸ்லிங் யாருக்கும் வழிவிட்டுப் பழகாதவள். ஊருக்கே வழி போட்டவள் அவள். விஸ்கான்சினின் அந்த ஏரிக்கரை ஊரில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவள். இரண்டு புருஷன்கள் அவளிடம் பேசித் தோற்று வேறு ஊர் பார்த்துப் போனார்கள். ஓய்வு பெற்ற பிறகு மற்ற நாளெல்லாம் தொலைக்காட்சியோடு சண்டை, வெள்ளிக்கிழமை மட்டும் மனிதர்களோடு.

வெள்ளிக்கிழமை என்றால் அங்கே பொரித்த மீன். மாவில் தோய்த்துப் பொரித்த ஏரி மீனும் முட்டைக்கோஸ் சாலட்டும் ஆளுக்கொரு பிராந்தியுமாக, ஏரிக்கரை உணவகத்தில் ஊரே உட்கார்ந்து வம்பளக்கும்.

அந்த உணவகம் கைமாறியது. வாங்கிய நீல் ராட்கே ஊர்ப் பையன்தான். சிகாகோவில் சமைத்துப் பேர் வாங்கியவன். கதவில் தன் பெயரை எழுதினான், மெனுவிலிருந்து பொரித்த மீனை எடுத்தான். பதிலுக்குப் பெரிய தட்டின் நடுவே சின்னதாக மூன்று வேகாத மீன் துண்டுகள், மேலே பீட்ரூட் சாறு. சாப்பிட்ட ஊர்க்காரர்கள் பிரமாதம் என்றார்கள், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவரவர் வீட்டு சோபாவுக்குப் போய்விட்டது. வெர்னாவுக்கு வயிறு எரிந்தது. மீன் கிடக்கட்டும், இந்த ஜனங்களை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

அவள் மட்டும் விடாமல் வந்தாள். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ஜோடி என்ற பரிமாறும் பெண்ணிடம் பொரித்த மீன் கேட்பாள். இல்லை என்பாள் ஜோடி. "சரி, வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று ஒரே பிராந்தியை வைத்துக்கொண்டு கடை மூடும்வரை நகரமாட்டாள். சிகாகோவிலிருந்து காரில் வந்தவர்கள் அவளுடைய காலி மேசையைப் பார்த்துவிட்டுத் தங்கள் தட்டைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நீலே வெளியே வந்து, இது தன் கடை, தன் சமையல் என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தான். அவள் பிராந்தியில் போட இன்னொரு செர்ரிப் பழம் கேட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பனி தள்ளும் புது ஆள் பனியையெல்லாம் உணவகத்தின் முன்வாசலிலேயே குவித்துவிட்டுப் போயிருந்தான். சீக்கிரமே வந்துவிட்ட வெர்னா அவன் தொழிலைத் திட்டிக்கொண்டே சுற்றிப் பின்வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. கடை திறக்குமுன் வேலையாட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நீல் அடுப்பின் முன்னால் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?"

நீலின் காது சிவந்துபோனது. "இது விக்கிறதுக்கில்ல, மிஸஸ் கீஸ்லிங். வெள்ளிக்கிழமை இது இல்லேன்னா இவங்களுக்கு வேலையே ஓடாது."

"இவங்களுக்கா, உனக்கா?"

ஜோடி சிரிப்பை அடக்கிக்கொண்டு முட்டைக்கோஸைக் கிளறினாள். இங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சாப்பாடு, அதுதான் தன் அடுப்படிச் சட்டம் என்றான் நீல்.

வெர்னா கோட்டைக் கழற்றி மாட்டினாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு, தொட்டியில் குவிந்திருந்த பாத்திரங்களிடம் போனாள். "நல்ல சட்டம்தான். எனக்கு ரெண்டு துண்டு போடு."

கழுவி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தாள். பழைய கடை மீனைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"கழுதை, இவ்வளவு நல்லாப் பொரிக்கத் தெரிஞ்சும் ஒளிச்சா வெச்சே?"

வீட்டுக்குப் போய் ஊர் முழுக்கப் போன் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீல் பின்வாசலைத் திறந்தபோது பனியில் ஒரு வரிசையே நின்றது. ரிட்டயர்டு தபால்காரர், முடி வெட்டுகிறவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள், எல்லோரும் வீட்டு ஏப்ரனைக் கோட்டுக்கு மேலேயே கட்டியிருந்தார்கள். தபால்காரருடையதில் கிறிஸ்துமஸ் மான் படம். எல்லோருக்கும் முன்னால் வெர்னா.

நீல் வரிசையின் கடைசிவரை பார்த்தான். "இத்தனை பேர் கழுவ எங்கிட்ட பாத்திரம் இல்லியே."

"அப்ப நிறைய அழுக்காக்கு" என்று சொல்லி அவனைத் தாண்டி உள்ளே போனாள் வெர்னா.