ஸ்டீயரிங்குக்குத் தேங்காய் எண்ணெய்

என் பழைய மின்சாரக் காரின் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தேய்ந்த மூட்டு கிறீச்சிட்டது. கதவுக்கு விடுவதுபோல அதற்கும் தேங்காய் எண்ணெய் விட்டேன். எங்கள் அப்புத்தளை மலைக்குளிரில் போத்தலிலேயே உறையும் எண்ணெய், மூட்டில் மட்டும் உருகியா இருக்கும்? விடிந்ததும் ஸ்டீயரிங் முரண்டு பிடித்தது.

"வித்துருங்க மச்சான். கரண்டு காரு மலைக்குச் சரிப்படாது," என்றார் மனைவியின் தம்பி, வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்ட முகத்துடன்.

"காரு மேல குத்தமில்ல மாப்ள. எண்ண விட்ட மடையனத்தான் விக்கணும்."

"அத யாரு வாங்குவா?"

பெடல்களுக்கடியில் தலையை நுழைத்து, உறைந்ததை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன். மூட்டில் ஆட்டமில்லை என்று பார்த்துவிட்டு கிரீஸ் பூசினேன். பிறகு அவரையும் ஏற்றிக்கொண்டு வளைவுகளில் இறங்கினேன். ஸ்டீயரிங் சத்தம் போடவில்லை. அவர்தான் போட்டார்.

தேய்ந்தது தேய்ந்ததுதான். என் முழங்கால்களும் அப்படித்தான். காரையும் சரி, முழங்கால்களையும் சரி, நான் விற்பதாயில்லை.