நிறைமாதமும் நூறு சதவீதமும்

இன்று எங்கள் எலெக்ட்ரிக் காரை சர்வீசுக்கு விட்டிருந்தோம். வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. சோதித்த பெண், "பேட்டரி ஆரோக்கியம் எண்பத்தெட்டு சதவீதந்தானுங்க அக்கா" என்றாள்.

உடனே கேட்டேன்: "தெனமும் சார்ஜ் போட்டா நூறு காட்டுதே கண்ணு?"

"நெறஞ்சிருச்சுன்னு காட்டுதுங்க. ஆனா பேட்டரிங்கற கொடமே கொஞ்சம் சின்னதாயிருச்சு. தெனமும் நூறு ஏத்தி வெயில்ல நிறுத்துவீங்களா?"

விளக்கில் எண்ணெயும் பானையில் அரிசியும் குறையக் கூடாது என்று வளர்ந்தவள் நான். காரையும் அப்படியே நிறைத்து, உள்ளே முருகனுக்குப் பூ வைத்து, வாசல் வெயிலில் நிறுத்தி வந்திருக்கிறேன்.

"அதுலதான் பேட்டரி தேயுதுங்க. இனி எண்பதோட நிறுத்துங்க. தூரம் போற அன்னிக்கு மட்டும் நூறு ஏத்துங்க" என்றாள்.

அந்த நாள் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? மகள் மலைமேல் இருக்கும் அகளியில் நிறைமாதமாக இருக்கிறாள். வலி எடுத்தால் நாங்கள்தான் மலையேறிப் போய், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"ஏனுங்க, எண்பது போதுமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"மலை எறக்கத்துல பிரேக் புடிச்சா சார்ஜ் கொஞ்சம் திரும்ப ஏறும் புள்ள. நீ பதறுறதுலதான் பாதி சார்ஜ் போகுது."

சாயங்காலம் எண்பதில் வயரைப் பிடுங்கினேன். சாப்பிடுகிறவர் முன்னால் இருந்து இலையை எடுத்த மாதிரி இருந்தது. விளக்கேற்றிக் கும்பிட்டேன். வந்து மறுபடியும் செருகிவிட்டேன்.

பேரப்பிள்ளை பிறக்கும்வரை நூறுதான். நிழலில் நிறுத்தியிருக்கிறேன், பேட்டரி அதுவரை பொறுத்துக்கொள்ளாதா? விவரம் தெரிந்தவர்கள் திட்டாமல் சொல்லுங்கள்.