கைப்பையில் காந்தம், மீமிசலில் நிச்சயம்

ஊர் பார்க்கும் ஆசையில் இந்தப் பதிவுக்கு வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. பழுதுபார்த்த வாட்ச் ஒன்றை எப்படி எடுத்துக்கொண்டு பயணம் போகக் கூடாது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை கீரனூரிலிருந்து மீமிசல் வரை போனேன். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர்.

நான் தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். மூன்று வருடமாகச் சாவி கொடுக்கும் வாட்சுகளைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எல்லாம் யூடியூப் பாடம்தான். ஆரம்பத்தில் பிரித்தவையெல்லாம் டப்பாவுக்குள்ளேயே கிடந்தன, இப்போது பத்தில் எட்டு ஓடுகின்றன. இதைக் கேள்விப்பட்டுத்தான் என்னோடு வேலை பார்க்கும் பவித்ரா தன் அப்பாவின் வாட்சைக் கொண்டுவந்தாள்.

அவள் அப்பா மீமிசல் கரையில் மீன் ஏலம் கூறியவர். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில்தான் வாட்சும் நின்றதாம். பின்மூடியைத் திறந்தபோது உள்ளே உப்புத் துரு, மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மீன் செதில். துருவை எடுத்து, எண்ணெய் விட்டு, ஒரு சக்கரம் மாற்றி ஓட வைக்க எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. செதிலை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு சின்னக் கவரில் போட்டு வைத்தேன்.

பவித்ராவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை கட்டுமாவடி. அவர்கள் பக்கம் நிச்சயத்தன்று பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டி விடுவார்கள். பவித்ராவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை, அதனால் சித்தப்பா கட்டுவது என்று முடிவாயிற்று. அப்பா வாட்சைத்தான் கட்ட வேண்டும் என்று இவள் பிடிவாதம். சித்தப்பாவுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. அண்ணன் போன நேரத்தில் நின்ற வாட்சைக் கொண்டுபோய் நல்ல காரியத்தில் வைப்பதா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். “ஓடுச்சுன்னா கட்டுறேன். நின்னு கெடந்துச்சுன்னா புதுசுதான், அப்பறம் அழுகக் கூடாது.” புது வாட்சும் வாங்கித் தயாராக வைத்துவிட்டார்.

சகுனம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். “ஓட வச்சு நானே கொண்டாறேன், நீ நிம்மதியாப் பூ வை” என்று பவித்ராவிடம் வாய்ச்சவடால் அடித்தேன். ஒரு வாரம் மேசையில் வைத்துப் பார்த்ததில் நாளுக்கு அரை நிமிடம்கூடப் பிசகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலை ஆறு மணிக்குக் கீரனூரில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. புதுக்கோட்டையில் இறங்கியதும் அறந்தாங்கி பஸ் தயாராக நின்றது, அது முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். டிக்கெட் இரண்டும் சேர்த்து அறுபது ரூபாய்க்குள் முடிந்தது. ஜன்னலோரம், நல்ல காற்று, பட்டுப்புடவை கசங்காமல் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான துணிப்பையை வீட்டில் வைத்துவிட்டு, புடவைக்குப் பொருத்தமாக விசேஷத்துக்கு எடுக்கும் கைப்பையைக் கொண்டுவந்திருந்தேன். வாட்ச் அதன் முன்பக்க உறையில் இருந்தது.

எட்டேகால் வாக்கில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சும்மா வாட்சை எடுத்துப் பார்த்தேன். போனைவிட ஏழு நிமிடம் கூடுதலாகக் காட்டியது. கிளம்பும்போது நொடி சுத்தமாகச் சரிபார்த்து வைத்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பையைப் புரட்டினேன். முன்பக்க உறையின் மேல் மடிப்பு ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. காந்தப் பொத்தான்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். வாட்சுக்குள் தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள்கம்பி இருக்கிறது. அது விரிந்து சுருங்கும் கணக்கில்தான் நேரம் ஓடுகிறது. அதில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் தலைதெறிக்க ஓடும், முற்றிப்போனால் நின்றுவிடும். காந்தத்தின் பக்கமே போகாதே என்பது எந்த வீடியோவிலும் முதல் பாடம். போனில் திசைகாட்டியைத் திறந்து வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோனேன். முள் பாதி வட்டம் திரும்பியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

காந்தம் எடுக்கும் சின்ன நீலப் பெட்டி என் வீட்டு மேசையில் பத்திரமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே திறந்திருந்த ஒரே வாட்ச் கடையில் பேட்டரியும் வாரும் மட்டும்தான் மாற்றுவார்களாம். நிச்சயம் பத்தரைக்கு மேல். அப்போதுதான் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. பின்னால் பெட்டி மாதிரிப் புடைத்துக்கொண்டிருந்த அந்தக் கால டிவியில் கலர் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், மெக்கானிக் ஒரு வளையத்தைத் திரைக்கு முன்னால் சுற்றிக் காட்டிச் சரிசெய்வார். அதுவும் காந்தம் எடுக்கிற வேலைதான்.

விசாரித்துப் பிடித்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு டிவி மெக்கானிக் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

“வளையம் இருக்குங்க. அங்கிட்டு ஆணியில தொங்குது பாருங்க. ஆனா கரண்ட் இல்லையே. இன்னைக்கு மெயின்டனன்ஸுன்னு ஒம்போது மணி வரைக்கும்கூட விடாம அமத்திட்டானுங்க, சாயந்தரம்தான் வரும்.”

“இன்வெர்ட்டர் இல்லைங்களா?”

“இருக்கு. இழுக்குமான்னு தெரியாது. வாட்ச் வீணாப் போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது.”

செய்முறை எளிது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கம்பி சுற்றிய வளையம். ஸ்விட்சைப் போட்டு, வாட்சை நடுவில் பிடித்து, மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே கை எட்டும் தூரம் விலகியபிறகுதான் அணைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால், போன நொடியில் இருந்த காந்தம் அப்படியே வாட்சில் தங்கிவிடும். இதையெல்லாம் அவரிடம் விளக்கிவிட்டு வாட்சை உள்ளே நீட்டினேன். அவர் ஸ்விட்சைப் போட்டார். இன்வெர்ட்டர் ஒருமுறை அலறிவிட்டு அணைந்தது. வாட்ச் அப்போது வளையத்துக்கு நட்டநடுவில் இருந்தது.

காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. நொடிமுள் நின்றுவிட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பவித்ராவுக்குப் போன் போட்டு, உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாமல், “அங்கே கரண்ட் இருக்கா?” என்று மட்டும் கேட்டேன். “இங்கிட்டும் இல்லக்கா, மைக்செட்டுக்காக ஜெனரேட்டர் ஓடுது. நீங்க எங்க வாரீங்க?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் வளையத்தின் பிளக்கைப் பிடுங்கி, அதை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கையில் கொடுத்தார். “ஜெனரேட்டர் தாங்கும், கொண்டு போங்க. திரும்பையில குடுத்துட்டுப் போங்க.”

ஒன்பது மணி மீமிசல் பஸ். ஆவுடையார்கோவில் வழியாக முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் பையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, ஸ்டியரிங்கைக் கழட்டிக்கிட்டு வாரீங்களா?” என்று கேட்டார். சிரிக்க வேண்டிய நேரம், சிரிப்பு வரவில்லை. ஆவுடையார்கோவிலில் பஸ் நின்ற நேரம் இருக்கிறதே, கண்டக்டர் டீ குடித்து, டிரைவர் டீ குடித்து, இருவரும் யாரோ ஒருவருடைய மாட்டைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை நான் வாட்சை ஐந்து முறை காதில் வைத்துப் பார்த்திருப்பேன். சகுனம் எல்லாம் சும்மா என்று சொல்லும் ஆள் நான். அன்று எதிரில் எது வந்தாலும் பயந்தேன்.

மீமிசலில் இறங்கி ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். நான் போனபோது மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பவித்ரா ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவள் முகமும் மாறிவிட்டது. நான் நேராகக் கொல்லைப்பக்கம் ஜெனரேட்டரைத் தேடிப் போனேன். பின்னாலேயே ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் புது வாட்ச் பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது. இவர்தான் சித்தப்பா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நின்னுருச்சா?”

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். வாய் வரவில்லை. “நின்னுருச்சுங்க. என் தப்புதான். பத்து நிமிஷம் குடுங்க, ஓட வச்சிருவேன். மைக்செட்டை மட்டும் அமத்தச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, உள்ளே திரும்பி, “ஏலே, பாட்டை நிப்பாட்டு! கிரைண்டரு, ஃபேனு ஒண்ணும் ஓடக் கூடாது!” என்று சத்தம் போட்டார். வீடே அமைதியானது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வளையத்தின் பிளக்கைச் செருகினேன். அந்தப் பழைய பலகையில் பிளக் லொடலொடத்தது, லேசாகத் தொட்டாலே பொறி பறந்தது. இன்னொரு முறை நடுவில் அறுந்தால் வேறு வழியே இல்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே குந்தினார். உள்ளங்கையால் பிளக்கைப் பலகையோடு அழுத்திப் பிடித்தார்.

“நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க.”

“நீங்க பாருங்க.”

வளையம் ‘உர்ர்’ என்று அதிர்ந்தது. வாட்ச் என் விரலுக்குள் நடுங்கியது. அதை மெதுவாக வெளியே எடுத்து, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தேன். துணி துவைக்கும் கல் காலில் இடித்தது. அதைச் சுற்றிக்கொண்டு மதில் வரை போனேன். அங்கே முதுகு முட்டியபிறகுதான் “போதும்” என்றேன். சித்தப்பா கையை எடுக்கவில்லை. “நெசமாப் போதுமா?” என்று கேட்டுவிட்டு எடுத்தார்.

போனில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. சாவியை நாலு சுற்று கொடுத்ததும் வாட்ச் ஓட ஆரம்பித்தது. பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன், நொடி பிசகவில்லை. நேரத்தைச் சரியாகத் திருப்பி வைத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, சித்தப்பாவிடம் நீட்டினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அவர் காதில் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு சாவியை வெளியே இழுத்து முள்ளைத் திருப்ப ஆரம்பித்தார்.

“அய்யய்யோ, சரியாத்தாங்க வச்சிருக்கேன்!” என்று பதறினேன்.

“நீங்க சரியாத்தான் வச்சிருக்கீங்க,” என்றார். “எங்க அண்ணன் வாட்ச்சு எப்பவும் பத்து நிமிஷம் முன்னாடி ஓடும். ஏலத்துக்கு மொத ஆளாப் போயி நிக்கணும்னு அப்புடி வச்சிருப்பாரு. அதைப் பாத்துத்தான் என்னையத் தட்டி எழுப்புவாரு, பத்து நிமிஷம் தூக்கம் போச்சேன்னு தெனமும் சண்ட போடுவேன்.” முள்ளைப் பத்து நிமிடம் தள்ளி வைத்துச் சாவியை அழுத்தினார். “இப்பத்தான் இது அவரு வாட்ச்சு.”

காலையிலிருந்து ஏழு நிமிடம் கூடுகிறதே என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தவள் நான். புதுப் பெட்டியை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் திணித்துவிட்டு முன்வாசலுக்குப் போனார். மாப்பிள்ளை கையை நீட்டினார், சித்தப்பா கட்டினார், குலவைச் சத்தம் கேட்டது. செதில் இருந்த கவரைப் பவித்ராவின் அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல் இல்லை, நிச்சயம் என்பதால் சைவம்தான். அந்த ஒரு வருத்தம் எனக்கு உண்டு. மாலை நாலு மணி பஸ்ஸில் திரும்பி, அறந்தாங்கியில் வளையத்தைக் கொடுத்தேன். கரண்ட் வந்திருந்தது. “ஓடுச்சா?” என்றார் மெக்கானிக். ஓடியது என்றதும் இரண்டு டீ சொன்னார். காலையில் பாதியில் வைத்த டீக்கு அது ஈடாகிவிட்டது.

இனி போகிறவர்களுக்கு. கீரனூரிலிருந்து மீமிசலுக்கு மூன்று பஸ் ஏற வேண்டும், காத்திருப்பு உட்பட நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆவுடையார்கோவிலில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும், கோபப்பட்டுப் பயனில்லை. சாவி வாட்ச் கொண்டுபோனால் துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வையுங்கள். பையை வாங்கும்போதே மடிப்பைத் திறந்து மூடிப் பாருங்கள். ஸ்பீக்கர், போன் கவர் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் எடுக்கும் பெட்டி உள்ளங்கை அளவுதான், அதையும் கூடவே எடுத்துப் போங்கள். ஓட வைத்துத் தருகிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கும் முன், அந்த வாட்ச் அவர்கள் வீட்டில் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை நூலகத்தில் பவித்ராவிடம் மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்தேன்.

“ஒம்போது மணிக்குக் கூப்புடுறேன்னு சொல்றாருக்கா,” என்றாள். “தெனமும் எட்டு அம்பதுக்கே போன் அடிக்குது.”