அண்ணனின் விமானத்தில் ஒரு வெடிப்பு

ஈரமான மண்கடதாசி பிளாஸ்டிக்கில் உரசும் சத்தத்தில் பல் கூசும். அந்த மாரிக்காலம் முழுவதும் வாவிக்கரை நாவற்குடாவில் எங்கள் வீட்டு விறாந்தையில் விடிந்தால், பொழுதுபட்டால் அதே சத்தம்தான். அண்ணன் தேய்த்துக்கொண்டிருந்தது, கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்த சிறு விமானப் பொம்மை. துண்டு துண்டாகப் பெட்டியில் வந்ததை ஒட்டிப் பொருத்த வேண்டும். கடையில் நல்ல சவர்க்காரம்கூடக் கிடைக்காத எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு விமானம் இருந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

அண்ணனுக்கு அது விளையாட்டு இல்லை. பரீட்சையில் தேறியும் வேலை கிடைக்காமல் வீட்டோடு கிடந்தவருக்கு, கொழும்பில் விமானம் திருத்தும் பயிற்சிக்கான நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. "கைவேலை ஏதும் இருந்தாக் கொண்டு போ" என்று யாரோ சொல்லிவிட, தன் கைக்கு இந்த விமானம்தான் சாட்சி என்று பிடித்துக்கொண்டார். எங்களுக்கும் வேறு நம்பிக்கை இருக்கவில்லை.

விமானமோ மலிவான வார்ப்பு. வயிற்றில் குழிகள், இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு வரம்பு, இடது சிறகின் அடியில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. மிஞ்சிய பிளாஸ்டிக்கைச் சீவிப் பசையில் கரைத்து, அந்தக் களியைக் குழிகளில் அப்பி, காயவிட்டுத் தேய்ப்பார். தேய்த்தபின் வெள்ளிநிறப் பெயின்ற் ஒரு பூச்சுப் பூசினால், மறைந்துவிட்டதென்று நினைத்த அத்தனை குறையும் பல்லை இளித்துக்கொண்டு வெளியே வரும். மறுபடி சுரண்டல், மறுபடி களி. வாவிக்காற்றின் ஈரத்தில் எதுவும் லேசில் காயாது; காய்ந்தாலும் இரண்டு நாளில் களி உள்ளே இறங்கிப் பள்ளம் காட்டும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அலுத்துப்போனது.

அப்பா வாவியில் தோணி விட்டு மீன் பிடிப்பவர். போகும்போதும் வரும்போதும் ஒரு சொல் எறிவார். "பறக்காத பிளேனுக்கு என்னத்துக்கு மனே இவ்வளவு பூச்சு?" அண்ணன் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.

கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் காலையில் சிறகடி வெடிப்பு மீண்டும் வாய் திறந்திருந்தது. அதை வெறித்துப் பார்த்துவிட்டு, தைக்கக் கொடுத்த காற்சட்டையை எடுத்துவரப் பட்டணத்துக்குப் போனார் அண்ணன். நான் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா, தோணிப் பலகைகளின் இடுக்கை அடைக்கிற மாதிரியே, குங்கிலியத்தையும் தேங்காயெண்ணெயையும் கொதிக்கக் காய்ச்சி, ஈர்க்கால் தொட்டுத் தொட்டு வெடிப்பில் ஊற்றியிருக்கிறார்.

"இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாது மனே" என்றார், அண்ணன் வந்து நின்றதும். அவ்வளவு பெருமை. சொல்லிக்கொண்டே கையில் எடுத்தபோதுதான் அவர் கண்ணிலும் பட்டது: சூட்டில் இளகிய சிறகு வாடிய வாழையிலையாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் "ஓம் அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, விமானத்தைத் துவாயில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். மறுநாள் அதோடுதான் கொழும்புக்கு ரயிலேறினார்.

வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்த அண்ணனிடம் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சிறகப் பார்த்தாங்களா?"

"இல்லப்பா. பெட்டியத் துறக்கவே சொல்லல்ல."

அப்பா நீளமாய் மூச்சு விட்டார். அண்ணன் போன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாதவர் அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது வாவியில் ஓடுவதெல்லாம் ஃபைபர் வள்ளங்கள். குங்கிலியம் காய்ச்ச யாருக்கும் வேலை இல்லை. வீடு கைமாறி, விறாந்தையை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அண்ணன் கனடாவில் முழங்கால் வலியோடு இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் பேசும்போது, அந்தப் பெட்டியை உண்மையிலேயே திறக்கவில்லையா என்று கேட்டேன்.

திறந்தார்களாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிறகைப் பிடித்துத் தூக்க, அது அவர் கையோடு கழன்று வந்ததாம். நேர்முகம் நடத்திய மூன்று பேரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம்.

பிறகு அண்ணன் சொன்னார்: "அப்பாட்டச் சொல்லிராத, என்ன?"

அப்பா இறந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. சொல்லமாட்டேன் என்றேன்.