ஒன்றரை வயதில் மைனஸ் ஒன்பது

எங்கள் பஸ் டெப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. ‘ஹாரன்’ என்றால்தான் தெரியும். ஹாரனே அடிக்காத டிரைவருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் கேட்பார்கள். அடிக்காததால்தான் வந்தது என்று சொல்லிச் சிரிப்போம். நான் அவர் ஓட்டும் பஸ்ஸில் கண்டக்டர். சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் மூக்கை நீட்டுவதற்குள் அவர் கால் பிரேக்குக்குப் போயிருக்கும். மடியில் முட்டைத் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கூட நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வரலாம். “முன்னாடியே பாத்துட்டா சத்தம் எதுக்குடா?” என்பார்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் அவர் மகள். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, ஒரு பேக்கரியில் பாக்கெட் போடும் பிரிவில் வேலை பார்க்கிறார். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தை கீழ்வீட்டு அம்மாவிடம் இருக்கும். அப்படி ஒரு சமத்துக் குழந்தையை நான் கண்டதில்லை. உட்கார வைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்கும். ஒரு கரண்டியைக் கொடுத்தால் அரை நாள் அதோடு போய்விடும். எதைக் கொடுத்தாலும் முதலில் முகத்தோடு சேர்த்து வைத்து உரசிப் பார்க்கும். தட்டில் சோறு வைத்தால் மூக்கு சோற்றில் இருக்கும். அப்பா சட்டைப் பொத்தானைக் கன்னத்தில் தேய்க்கும். அதனால் வீட்டில் ‘பூனை’ என்று செல்லப் பெயர். அண்ணனும் அண்ணியும் மாறி மாறி “பூனை, பூனைக்குட்டி” என்று கூப்பிட்டு, நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

டெப்போவில் வருடா வருடம் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். போன வருடம் அது நடந்த அன்று கீழ்வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல். அண்ணிக்குக் காலை ஷிஃப்ட். ஹாரன் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே வந்துவிட்டார். டயர் அடுக்கி வைக்கும் அறையில் பாதியைக் காலி செய்து, ஆணியில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ரப்பர் வாடை மண்டையைப் பிளந்தது. பரிசோதிக்க வந்திருந்தது ஒரு சின்ன வயதுப் பெண். எனக்கும் அடிக்கடி தலைவலி வருகிறதே, ஓசியில் பார்த்துவிடலாம் என்று நானும் வரிசையில் நின்றேன்.

ஹாரன் கடைசி வரியைக் கடகடவென்று படித்தார். அதற்குக் கீழே அட்டையை அச்சடித்தவன் பொடி எழுத்தில் போட்டிருந்த விலாசத்தையும் சேர்த்துப் படித்தார். எல்லோரும் கைதட்டினோம். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, அவர் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்து, “அடுத்து நீங்களா மேடம்?” என்று கையிலிருந்த விளக்கை விளையாட்டாக அதன் கண்ணில் காட்டினாள்.

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுபோனது. விளக்கை இப்படியும் அப்படியும் அசைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் குழந்தையின் கண்முன் பிடித்தாள். அதை வைத்துவிட்டு வேறொன்று. மறுபடி வேறொன்று. பின்னால் நின்ற ஒருவர், “என்னம்மா, பாப்பாவுக்கு லைசென்ஸ் குடுத்துடலாமா?” என்று கேட்டார். அவள் லென்ஸைக் கீழே வைத்தாள்.

“சார், பாப்பாவுக்கு என்ன வயசு?”

“ஒன்றரை. ஏன்?”

“நல்ல கண் ஆஸ்பத்திரியில இன்னிக்கே காட்டிடுங்க. பவர் ரொம்ப அதிகமா தெரியுது. ரெண்டு கண்ணுலயும்.”

“பவரா? நல்லதுதானே?” என்றார் ஹாரன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

“இல்ல சார். கண்ணாடி போடணும்.”

“யாருக்கு?”

“பாப்பாவுக்குத்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “எழுத்தே தெரியாத பிள்ளைக்கு நீ என்னம்மா டெஸ்ட் பண்ண? வாயத் திறந்து சொல்லுச்சா, எனக்குத் தெரியலன்னு?” என்று அவர் எழுந்தார். ஸ்டூல் கீழே விழுந்தது. அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: வெளிச்சம் கண்ணுக்குள் போய்த் திரும்பி வரும் விதத்தை வைத்தே கணக்குப் பார்க்கலாம், குழந்தை பேச வேண்டியதில்லை. அவர் கேட்டாரா என்று தெரியாது. குழந்தை அவர் பொத்தானைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அண்ணிக்கு போன் போட்டார். அவர் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: “பாப்பாவுக்குக் கண்ணு தெரியலயாம்.” அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, இவர் போனைக் கையில் பிடித்தபடியே சிலைபோல நின்றார். நான்தான் வாங்கி, ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி அங்கே வரச் சொன்னேன்.

நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அண்ணி எதிரே ஓடி வந்தார். தலையில் பேக்கரி வலைத்தொப்பி. முழங்கை வரை மாவு. குழந்தையை ஹாரன் கையிலிருந்து பிடுங்கி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, “அம்மாவப் பாரு, அம்மாவப் பாருடா தங்கம்” என்றார். அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் அது ஈறு தெரியச் சிரித்தது.

“சிரிக்குது! பாக்குது! ஏங்க, கண்ணு தெரியலன்னு சொன்னீங்களே, பாவி மனுஷா! உசுரே போயிடுச்சு எனக்கு!”

“கண்ணாடி போடணுமாம்” என்றார் அவர்.

“கண்ணாடியா? இந்தப் பச்ச மண்ணுக்கா?” என்ற அண்ணி, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு அதிர்ச்சி இறங்குவதற்குள் இன்னொன்று ஏறியது.

உள்ளே சொட்டு மருந்து விட்டு, கண்மணி பெரிதாகும்வரை காக்க வைத்தார்கள். குழந்தை சொட்டு மருந்துக்குத்தான் ஊரைக் கூட்டியது. டாக்டர் வயதானவர். நிதானமாகப் பார்த்துவிட்டு, “மைனஸ் ஒன்பது. ரெண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்” என்றார். தன் உள்ளங்கையை மூக்குக்கு முன்னால் நீட்டிக் காட்டினார். “இவ்வளவு தூரம் வரைக்கும் தெளிவா தெரியும். அதுக்கு அந்தப் பக்கம் எல்லாமே கலங்கல். தண்ணிக்குள்ள கண்ணத் திறந்த மாதிரி. எதைக் குடுத்தாலும் முகத்துகிட்ட கொண்டு போவாளா?”

அண்ணி மெதுவாக, “பூனைன்னு கூப்பிடுவோம் டாக்டர்” என்றார். அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல. பிறந்ததுலேர்ந்து இப்படித்தான். அவளுக்கு இதுதான் உலகம்னு நெனப்பு, அதான் அழல. இப்பவாவது தெரிஞ்சுதே. இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா மூளை பாக்கக் கத்துக்காமலே போயிருக்கும்” என்றார் டாக்டர்.

மறுநாள் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கைகளைப் போட்டுக்கொண்டு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது. வீட்டுக்குப் போன பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மருந்து வேகம் இறங்கட்டும் என்று சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டு, கூடத்தின் ஒரு கோடியில் அண்ணியைக் குழந்தையோடு நிற்கச் சொன்னார். மறுகோடியில் வாசல் கதவருகே இவர். அதே காக்கிச் சட்டை, அதே ஷூ. மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. கையை ஆட்டினார். நாக்கைத் துருத்தினார். கோமாளி மாதிரி சத்தம் வராமல் குதித்தார்.

“என்னைத்தான்டா பாத்துச்சு. நேரா என்னைப் பாத்துச்சு. சுவத்தப் பாக்குற மாதிரி பாத்துச்சு.”

கால் கொஞ்சம் நகர்ந்தபோது ஷூ கிறீச்சென்றது. குழந்தை உடனே, “ப்பா!” என்று இரண்டு கையையும் நீட்டியது.

“இத்தனை நாளும் நான் வந்தா ஓடி வருதே, முகத்தப் பாத்துட்டு ஓடி வருதுன்னு நெனச்சேன். ஷூவப் பாத்து... இல்ல, ஷூவக்கூடப் பாக்கல. சத்தத்தக் கேட்டு வந்திருக்கு. என் முகமே அதுக்குத் தெரியாதுடா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது என்று ஒரு பயணி கத்தினார்.

அந்த வாரம் முழுக்க அவர் ஹாரன் அடித்தார். காலியான சாலையில் அடித்தார். நிழற்குடையில் நிற்கும் ஆட்களுக்கு அடித்தார். தூரத்தில் ஒரு கிழவர் சாலையைக் கடந்து முடித்து நடைபாதையில் ஏறிய பிறகும் அடித்தார். வழக்கமாக வரும் டீச்சர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, “டிரைவருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். அன்று மதியம் நானே கேட்டேன். “அவங்களுக்கு நம்ம வண்டி தெரியுதோ என்னமோ, யாரு கண்டா?” என்றார். கேட்டதற்கு வருத்தப்பட்டேன்.

கண்ணாடி வந்தது. என் கட்டைவிரல் அளவுதான் ஒரு வட்டம். நீல நிற ரப்பர் பிரேம், தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்ட ஒரு நாடா. கண்ணாடிக் கடைக்காரர் செல்போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றாராம். “மாட்டினதும் அப்படியே சிரிக்கும் பாருங்க சார், எல்லாப் பிள்ளையும் சிரிக்கும்” என்றாராம்.

மாட்டியதும் குழந்தை அசையவில்லை. எதிரே குனிந்து நின்ற அப்பாவின் முகத்தைப் பார்த்தது. மீசையை, நெற்றித் தழும்பை, பல்லை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தது. “பாப்பா, அப்பாடா” என்றார் இவர். குழந்தை சட்டென்று திரும்பி அப்பாவைத் தேடியது. பின்னால் பார்த்தது, அம்மாவின் தோளுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. குரல் வந்த இடத்தில் யாரோ ஒரு ஆள் அல்லவா நிற்கிறான்! அவர் தூக்கப் போனதும் உதடு பிதுங்கி, வீறிட்டுக் கத்தி, அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பிறகு அண்ணியின் முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்ததும் அங்கேயும் அழுகை. கடைக்காரர் செல்போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தெருவுக்கு வந்தால் இன்னும் மோசம். அதுவரை அந்தக் குழந்தைக்கு வண்டி என்றால் பக்கத்தில் வந்து போகும் இரைச்சல், அவ்வளவுதான். இப்போது தெருக்கோடியில் ஒரு லாரி சின்னதாகத் தெரிந்து, பெரிதாகி, இன்னும் பெரிதாகி, தன்மேலேயே வருகிறது. கண்ணாடியைப் பிய்த்து எறிந்துவிட்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஹாரன் சாக்கடை ஓரம் விழுந்த கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றிருக்கிறார். “நான் பொழுதன்னிக்கும் பாக்குற ரோடுடா. அதப் பாத்து இப்படி நடுங்கும்னு கனவுலகூட நெனைக்கல” என்றார் என்னிடம்.

பழக ஒரு மாதம் ஆகியிருக்கும். கண்ணாடி மாட்டும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும், மாட்டிய பிறகும் பேச்சை நிறுத்தக் கூடாது என்று அண்ணிதான் கண்டுபிடித்தார். குரலும் முகமும் ஒரே ஆளுடையவைதான் என்று குழந்தைக்குப் பிடிபட வேண்டும் அல்லவா? ஹாரன் எங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர். வீட்டில் நிறுத்தங்களின் பெயரையெல்லாம் வரிசையாக ஒப்பித்திருக்கிறார். மீன் மார்க்கெட், தபால் ஆபீஸ், தண்ணீர்த் தொட்டி, பழைய கோர்ட். தண்ணீர்த் தொட்டி வரும்போது குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்ததாம்.

இதற்கிடையில் அவருடைய அக்கா வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்னடா இது கூத்து? பால் மறக்காத பிள்ளைக்குக் கண்ணாடி! செல்போனக் குடுத்துக் கெடுத்தீங்களா? பொம்பளப் பிள்ளைடா. கழட்டி வை. ஸ்கூலுக்குப் போறப்ப பாத்துக்கலாம்.”

தான் டயர் அறையில் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தபோது கேட்டதும் கிட்டத்தட்ட இதேதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கோபப்படவில்லை. “அக்கா, உன் கண்ணாடியக் குடு” என்று அக்காவின் மூக்கிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டார். “இப்ப உள்ள போயி அடுப்புல பால் பொங்குதான்னு பாத்துட்டு வா.”

“விளையாடாத. கதவு எங்க இருக்குன்னே தெரியல.”

“உன்னுது மைனஸ் நாலு. அவளுது ஒன்பது.”

அக்கா கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, குழந்தையை வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். போகும்போது, “எங்கிட்டேர்ந்துதான் வந்திருக்குமோ?” என்று மட்டும் அண்ணியிடம் கேட்டாராம்.

பூனை என்ற பேரை அந்த வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை. வேறு செல்லப் பெயர் எதுவும் இன்னும் ஒட்டவில்லை.

போன வாரம் குழந்தை கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து பிரேமை உடைத்துவிட்டது. சரிசெய்து தர ஒரு நாள் ஆகும் என்றார்கள். ஹாரன் லீவு சொன்னார். அண்ணியும் வேலைக்குப் போகவில்லை. இடித்துக்கொள்ளுமே, விழுமே என்று இருவரும் மாறி மாறி இடுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். அதுவோ நெளிந்து, திமிறி, கீழே இறங்கிவிட்டது. இறங்கி, தரையில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு பருக்கையைத் தேடி எடுத்துத் தின்றது. சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குப் போய்க் கரண்டியைக் கொண்டுவந்தது. கெக்கலி கொட்டிச் சிரித்தது. ஒரு இடத்திலும் இடித்துக்கொள்ளவில்லை. அதன் பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு ஓடிய ஹாரன்தான் கதவு நிலையில் மடேரென்று முட்டிக்கொண்டார்.

நெற்றியில் வீக்கத்தோடு மறுநாள் வேலைக்கு வந்தவர் இதைச் சொல்லும்போது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா, ஒண்ணுமே தெரியாம?” என்றார். “ஒன்றரை வருஷம் இப்படித்தான் இருந்திருக்கு. நாங்களும் பக்கத்துலயே உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.”

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். நான் விசில் கொடுத்தேன்.