மெதுவண்ணன் லாரியைப் பள்ளத்தில் விட்ட காலை

என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்பவர். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிற வேலை. வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. "சரி", "ம்", "பாக்கலாம்" என்கிற மூன்றை வைத்தே பத்தொன்பது வருடக் குடித்தனத்தை ஓட்டிவிட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ.

அதே மனுஷன் காலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நிறுத்தவே முடியாது. லாரி ஓட்டுகிற கேம். அதை ஆடிக்கொண்டே இண்டர்நெட்டில் நேரலையாகக் காட்டுவார், பதிவும் செய்து வைப்பார். "இப்ப ஒரு மேடு வருது பாருங்க, கியரைக் குறைக்கிறேன்" என்று ஒன்றரை மணி நேரம் வாய் ஓயாது. கம்ப்யூட்டர் ஏதோ ஓர் ஆபீஸில் ஓரங்கட்டியது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்தால்தான் ஓடும். எங்களுக்கு வியர்த்து ஊற்றினாலும் ஃபேன் அதற்குத்தான். கேமில் மரங்களுக்கு இலை இருக்காது, ஆட்களுக்கு நிழல் இருக்காது. அதையெல்லாம் காட்ட அந்தப் பெட்டிக்குத் தெம்பு இல்லையாம். பார்க்கிறவர்கள் முப்பது பேர். படம் நின்று நின்று போவதால் அவருக்கு 'மெதுவண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு!

நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு வேறு வேலை இல்லையா?

கேமை மட்டும் தனியாகப் பிடித்துக் காட்டினால் அந்தப் பெட்டியில் வெறும் கறுப்புத்தான் வரும். அதனால் முழுத் திரையையும் அப்படியே காட்டுவார். அந்த நேரத்தில் வேறு எதையும் திறக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவரே அதை மீறினார்.

பத்து நாளுக்கு முன் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் செவ்வாய் காலை ஈமெயிலில் வரும் என்றார்கள். அவர் முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். அன்றைக்கும் மனுஷன் ஏழு மணிக்கு ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கிடக்கிறேன், இவருக்கு லாரி! பாத்திரங்களைத் தொட்டியில் போட்டு உருட்டினேன். அசையவில்லை. நேரே போய் நின்றேன்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது அந்தப் பொட்டியை மூடி வெக்கக் கூடாதா? நீங்க மனுஷனா, கல்லா?"

திரையில் லாரி சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. தொறந்தேன். படிக்கத் தைரியம் வரல. மூடிட்டேன்."

"திரும்பத் தொறங்க!"

திறக்கப் பார்த்தார். பெட்டி உறைந்துவிட்டது. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபோனிலும் திறக்க வழியில்லை. அந்த ஈமெயிலின் பாஸ்வேர்டு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். பார்வையாளர்கள் எழுதுவதைப் படிக்க அவர் மேஜையில் சாய்த்து வைத்திருந்த அந்த ஃபோனில் ஒரு வரி வந்தது.

'அண்ணே, நான் ஒரு லேப்ல வேலை பாக்கறவ. நீங்க தொறந்த இடத்துக்கு வீடியோவைப் பின்னால ஓட்டி நிறுத்திப் படிச்சேன். கேன்சர் இல்லைன்னுதான் போட்டிருக்கு. அண்ணிகிட்ட சொல்லுங்க.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ, என் ரிப்போர்ட்டை முப்பது பேருக்கும் காட்டிட்டீங்களா? எனக்குக் கட்டின்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் சொன்னேன். நீ அடுப்படியில இருக்கறப்ப தினமும் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல!"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ தைரியமா இருந்தே. பயந்தது நான்தான்."

தைரியமாம்! குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதது இவருக்கு எங்கே தெரியும்?

"மங்கலான படத்துல அந்தப் பொண்ணு தப்பாப் படிச்சிருந்தா?" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வட்டம் சுற்றியது. இத்தனை நாள் அந்த ஃபேனுக்காகச் சண்டை போட்டவள், நானே அதை இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தேன். "தொறடா சனியனே!"

நாலு நிமிஷம் கழித்துத் திறந்தது. எழுத்து எழுத்தாகப் படித்தேன். பயப்படத் தேவையில்லாத சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. இன்னொரு தடவை படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா! பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததே இல்லை. மைக் திறந்தே கிடந்தது. அத்தனை பேரும் ஃபோனில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாருங்க, பயமா இருந்தா இனிமே முதல்ல எங்கிட்ட சொல்லணும். அப்புறம்தான் இவங்ககிட்ட. புரியுதா?"

"சரி," என்றார், வழக்கம்போல. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்," என்றேன்.

எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி சரி, கண்ணைத் தொடைங்க. லாரியை மேல ஏத்துங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."